மாதம் 13,000 சம்பளம், 5 லட்சம் சம்பளம்... ரெண்டு பேருக்கும் ஒரே வரியா? வறுமை ஒழிப்புச் சட்டமும் வரி நியாயமும் - ஓர் அலசல்

சென்னை தி.நகரில் ஒரு துணிக்கடை. அங்கே சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு மாதம் 13,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அதே சென்னையில், ஓ.எம்.ஆர் சாலையில் ஒரு ஐ.டி நிறுவனம். அங்கே உயர் பதவியில் இருப்பவருக்கு மாதம் 5 லட்சம் ரூபாய்.

இந்த ரெண்டு பேரும் சென்னை மாநகராட்சிக்குக் கட்டும் தொழில் வரி எவ்வளவு தெரியுமா? ஆறு மாதத்துக்கு 1,250 ரூபாய். ஆண்டுக்கு 2,500 ரூபாய். இருவருக்கும் ஒரே தொகைதான்.

அந்தப் பெண்ணின் ஆண்டு வருமானத்தில் இது 1.6 சதவீதம். ஐ.டி அதிகாரியின் வருமானத்தில் வெறும் 0.04 சதவீதம். வருமானத்தோடு ஒப்பிட்டால், குறைவாகச் சம்பாதிப்பவர்தான் ஏறக்குறைய 38 மடங்கு அதிகச் சுமையைச் சுமக்கிறார்.

'வறுமையை ஒழிக்கணும்' என்று எல்லாக் கட்சிகளும் சொல்கின்றன. ஆனால் அதற்கான பணம் யாரிடமிருந்து வருகிறது, அந்தப் பணத்தில் கிடைக்கும் உதவி சட்டப்படியான உரிமையா, இல்லை அரசு நினைத்தால் நிறுத்திவிடக்கூடிய சலுகையா என்ற ரெண்டு கேள்விகளும் பெரும்பாலும் தனித்தனியாகவே பேசப்படுகின்றன. சேர்த்துப் பேசினால் என்ன தெரியும்? பார்ப்போம்.

தொழில் வரியில் என்ன சிக்கல்?

தமிழ்நாட்டில் தொழில் வரியை வசூலிப்பது உள்ளாட்சி அமைப்புகள். ஆனால் அதற்கான சட்டத்தை இயற்றுவது மாநிலச் சட்டமன்றம். ஆறு மாத வருமானத்தை வைத்து ஸ்லாப் போடப்பட்டிருக்கிறது. 21,000 ரூபாய் வரை வரி இல்லை. அதாவது மாதம் 3,500 ரூபாய்! இன்றைக்கு முழு நேர வேலை பார்க்கும் யாருக்குமே இவ்வளவு குறைந்த சம்பளம் இருக்காது. ஆக, விலக்கு என்பது பேருக்குத்தான் இருக்கிறது.

மேல் ஸ்லாப் எங்கே முடிகிறது? ஆறு மாதத்துக்கு 75,000 ரூபாய், அதாவது மாதம் 12,500. அதைத் தாண்டிவிட்டால் எல்லாருக்கும் ஒரே வரிதான். 13,000 வாங்கினாலும் சரி, 13 லட்சம் வாங்கினாலும் சரி.

2024-ல் சென்னை மாநகராட்சி இந்த வரியை உயர்த்தியபோது நடந்ததைக் கவனிக்க வேண்டும்.

- 21,001 முதல் 30,000 ரூபாய் வரையிலான ஸ்லாப்: 135-லிருந்து 180 ரூபாய்
- 30,001 முதல் 45,000 வரை: 315-லிருந்து 430 ரூபாய்
- 45,001 முதல் 60,000 வரை: 690-லிருந்து 930 ரூபாய்
- 75,000-க்கு மேல்: மாற்றம் இல்லை, அதே 1,250 ரூபாய்

கீழே இருப்பவர்களுக்கு ஏறக்குறைய 35 சதவீதம் உயர்வு. மேலே இருப்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

மாநகராட்சி வேண்டுமென்றே இப்படிச் செய்ததா? அப்படிச் சொல்லிவிட முடியாது. மேல் ஸ்லாப்பை உயர்த்தவே முடியாதபடி அரசியலமைப்புச் சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. பிரிவு 276-ன்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது. 1988-ல் 60-வது திருத்தம் மூலம் 250 ரூபாயாக இருந்த வரம்பு 2,500 ஆக்கப்பட்டது. அதற்குப் பிறகு யாரும் தொடவே இல்லை.

அந்தக் காலத்தில் 2,500 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு ஓர் ஒப்பீடு: 4-வது ஊதியக் குழுவின்படி அன்று மத்திய அரசு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 750 ரூபாய். 7-வது ஊதியக் குழுவில் அது 18,000 ஆனது. 24 மடங்கு. தொழில் வரியின் உச்சவரம்பு மட்டும் 1988-லேயே நிற்கிறது. இதை 12,000 ரூபாயாக உயர்த்தலாம் என 14-வது நிதிக் குழுவும், 18,000 ரூபாயாக உயர்த்தலாம் என 15-வது நிதிக் குழுவும் பரிந்துரைத்தன. பரிந்துரை காகிதத்தோடு நின்றுவிட்டது.

சரி, உச்சவரம்பை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். ஆனால் கீழ் வரம்பை மாற்ற? அது முழுக்க மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது. பக்கத்து மாநிலமான கர்நாடகா 2023-ல் செய்துகாட்டியது. அதுவரை மாதம் 15,000 ரூபாய்க்குக் கீழே சம்பளம் வாங்கியவர்களுக்கு விலக்கு இருந்தது. அந்த வரம்பை 25,000 ஆக்கினார்கள். நம் துணிக்கடைப் பெண் பெங்களூரில் வேலை பார்த்திருந்தால் தொழில் வரியே கட்ட வேண்டியிருக்காது.

'ஏழைங்க வரியே கட்டுறதில்லையே?'

டீக்கடையிலிருந்து சமூக வலைத்தளம் வரை அடிக்கடி கேட்கும் வசனம் இது: "நாங்க வரி கட்டுறோம், அவங்களுக்கு இலவசமா கொடுக்குறாங்க." வருமான வரியை மட்டும் வரி என்று நினைப்பதால் வரும் குழப்பம்தான் இது.

மாநில அரசு வருமான வரி வாங்குவதில்லை. அது மத்திய அரசின் அதிகாரம். 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாட்டின் சொந்த வரி வருவாய் 2,20,895 கோடி ரூபாயாக மதிப்பிடப்பட்டது. இதில் ஏறக்குறைய முக்கால் பங்கு வணிக வரி. அதாவது ஜி.எஸ்.டி-யில் மாநிலத்தின் பங்கு, பெட்ரோல், டீசல், மது மீதான வாட் வரி ஆகியவை. இவற்றில் ஏழை, பணக்காரர் என்ற வித்தியாசமே கிடையாது. பில்லில் என்ன இருக்கிறதோ அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

13,000 சம்பளக்காரர் வாங்கிய சம்பளத்தை அந்த மாதமே செலவழித்துவிடுவார். 5 லட்சம் சம்பளக்காரர் பாதியைச் சேமிக்கலாம், நிலத்திலும் பங்குச் சந்தையிலும் போடலாம். சேமிக்கும் பணத்துக்குச் செலவு மீதான வரி கிடையாது. எனவே, வருமானத்தில் எத்தனை சதவீதம் வரியாகப் போகிறது என்று பார்த்தால், இங்கேயும் கீழே இருப்பவர்தான் அதிகம் கட்டுகிறார்.

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் போன்றவற்றின் ஜி.எஸ்.டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு இது உண்மையான நிம்மதி. ஆனால் யோசித்துப் பாருங்கள்: 2017 ஜூலையிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கும் மேல், அந்தக் குடும்பங்கள் அன்றாடப் பொருட்களுக்குக் கூடுதல் வரி கட்டி வந்திருக்கின்றன என்றுதானே இதற்கு அர்த்தம்?

இதில் மதுவின் கதை தனி. 2024-25-ல் டாஸ்மாக் மூலம் ஆயத்தீர்வையும் வாட் வரியுமாக அரசுக்குக் கிடைத்தது 48,344 கோடி ரூபாய். அந்த ஆண்டின் சொந்த வரி வருவாய் பட்ஜெட் மதிப்பீடு 1,95,173 கோடி. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு! கூலி வேலை முடித்து டாஸ்மாக் வரிசையில் நிற்பவரின் அன்றாடக் கூலியில் ஒரு பகுதி கஜானாவுக்குப் போகிறது. அதே கஜானாவிலிருந்து அவர் மனைவிக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வருகிறது. அவர் மாதம் டாஸ்மாக்கில் கொடுக்கும் வரி ஆயிரத்தைத் தாண்டினால், அந்த வீட்டைப் பொறுத்தவரை அரசு கொடுப்பதைவிட எடுப்பதுதான் அதிகம்.

மாநில அரசின் கையில் என்னதான் இருக்கிறது?

"எல்லாம் டெல்லி கையில இருக்கு, நாங்க என்ன பண்றது?" என்பது மாநில அரசுகளின் வழக்கமான பதில். இதில் உண்மை இருக்கிறது. 15-வது நிதிக் குழு காலத்தில் மாநிலங்களுக்குப் பகிரப்பட்ட வரியில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம்தான். செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் மத்திய அரசு வசூலிப்பது பகிர்வுக்கே வராது. சொத்து மீதான செல்வ வரி, வாரிசு வரி போன்றவையும் மாநிலத்தின் அதிகாரத்தில் இல்லை. ரெண்டையும் மத்திய அரசே கைவிட்டுவிட்டது.

இருந்தாலும் மாநிலத்திடம் மிச்சம் இருப்பவை கொஞ்சமில்லை. நிலம், கட்டடம், வாகனம், பத்திரப் பதிவு, மின்சாரம், கனிம நிலம், தொழில் வரி எல்லாமே மாநிலத்தின் எல்லைக்குள் வருகின்றன. இவற்றை இருப்பவரிடம் கூடுதலாகவும், இல்லாதவரிடம் குறைவாகவும் வாங்கும்படி அமைக்க முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணங்கள் உண்டு.

வாகன வரி: 2023 நவம்பரில் கார்களுக்கான ஆயுள் வரி மாற்றப்பட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 15, அதற்கு மேல் 20 சதவீதம். விலை கூடக் கூட வரியும் கூடுகிறது. ஆனால் அதே உத்தரவில் ஒரு லட்சத்துக்குக் குறைவான பைக்குக்கும் 8-லிருந்து 10 சதவீதமாக வரி ஏறியது. டெலிவரி வேலைக்காக லோன் போட்டு பைக் வாங்கும் இளைஞரும் இதில் மாட்டினார்.

சொத்து வரி: 2022-ல் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது வீட்டின் அளவை வைத்து உயர்வு நிர்ணயிக்கப்பட்டது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். சென்னையில் 1998-க்குப் பிறகு சொத்து வரி பொதுச் சீராய்வு செய்யப்படவே இல்லை என்பது பின்னணி. 24 ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்து ஒரே அடியாக ஏற்றியதால் சின்ன வீட்டுக்காரருக்கும் வலித்தது. படிப்படியான அமைப்பு சரி. ஆனால் 600 சதுர அடிக்கும் 50 சதவீதம் தேவைதானா என்ற கேள்வி நியாயமானது.

கனிம நில வரி: கனிம வளம் உள்ள நிலத்துக்கு வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என 2024 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதே ஆண்டே தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறைக்கும் வந்தது. குவாரி உரிமையாளர்கள் போராடினார்கள், ஜல்லி, எம்-சாண்ட் விலையும் ஏறியது. யார் மீது வரி போட்டாலும் அது கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்று பார்ப்பதும் அரசின் வேலை என்பதை இது காட்டியது.

வரியைக் குறைப்பது எல்லாமே ஏழைக்கு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என அரசு கணக்கிட்டது. ஸ்கூட்டிக்கு மாதம் 10 லிட்டர் போடுபவருக்கு இதில் 30 ரூபாய் மிச்சம். காருக்கு 100 லிட்டர் போடுபவருக்கு 300 ரூபாய் மிச்சம். பஸ்ஸில் போகிறவருக்கு ஒன்றும் இல்லை.

திட்டம் வேறு, சட்டம் வேறு

இப்போது செலவுப் பக்கம் வருவோம். கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15-ல் 1.06 கோடி பெண்களுடன் தொடங்கியது. பெயரிலேயே 'உரிமை' இருக்கிறது. ஆனால் சட்டமன்றத்தில் இதற்கென ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டுத் தொடங்கிய திட்டம் இல்லை. அரசாணை மூலம் வந்தது. அரசாணையில் வந்ததை இன்னொரு அரசாணையில் மாற்றலாம், சுருக்கலாம், நிறுத்தலாம்.

இதனால் என்ன நடக்கும் என்பதற்கு முதியோர் உதவித்தொகை நல்ல உதாரணம். 2011-ல் மாதம் 500-லிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. அடுத்த உயர்வு எப்போது தெரியுமா? 2023 ஆகஸ்டில். 12 ஆண்டுகள் கழித்து 200 ரூபாய் கூடியது. ஆண்டுக்கு வெறும் 5 சதவீதம் ஏறியிருந்தால்கூட 2023-ல் அது ஏறக்குறைய 1,800 ரூபாயாக இருந்திருக்கும். இந்தத் தொகையில் மத்திய அரசின் பங்கு இன்னும் மோசம். 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு அது 200 ரூபாயிலேயே பல ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது.

ஆட்சிகள் மாறின, முதல்வர்கள் மாறினார்கள். ஒரு பாட்டிக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஏற வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதாததால் யாரும் சட்டத்தை மீறவும் இல்லை.

சட்டமாக இருந்தால் என்ன வித்தியாசம்? துணிக்கடைக்கே திரும்பிப் போவோம். அந்தப் பெண் இன்று கஸ்டமர் இல்லாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் கொண்டுவந்த கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத் திருத்தம் இருக்கிறது. கேரளா 2018-லேயே இதைச் செய்திருந்தது. இப்போது இருக்கை என்பது முதலாளியின் பெரிய மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக இல்லை. கொடுக்கவில்லை என்றால் புகார் செய்ய ஒரு பிரிவு இருக்கிறது.

ராஜஸ்தான் சொல்லும் பாடம்

2023 ஜூலையில் ராஜஸ்தான் சட்டமன்றம் குறைந்தபட்ச உத்தரவாத வருமானச் சட்டத்தை நிறைவேற்றியது. கிராமம், நகரம் இரண்டிலும் ஆண்டுக்கு 125 நாள் வேலை. முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் குறைந்தது 1,000 ரூபாய் ஓய்வூதியம். அது ஆண்டுதோறும் 15 சதவீதம் உயர வேண்டும். எல்லாமே சட்டத்தில் எழுதப்பட்டன.

ஐந்தே மாதத்தில் ஆட்சி மாறியது. பிறகு என்ன ஆனது? 2024-ல் புதிய அரசு ஓய்வூதியத்தை 1,150 ரூபாயாக உயர்த்தியது. சரியாக 15 சதவீதம். ஆனால் 2025 பட்ஜெட்டில் 1,250 ரூபாய் என்று அறிவித்தது. சட்டத்தின் கணக்குப்படி 1,322 ரூபாய் ஆகியிருக்க வேண்டும்.

இதை ரெண்டு விதமாகப் பார்க்கலாம். சட்டம் இருந்தும் முழுசாக வரவில்லை என்பது ஒன்று. ஆட்சி மாறியும் இரண்டே ஆண்டில் 250 ரூபாய் ஏறியது என்பது இன்னொன்று. தமிழ்நாட்டில் 200 ரூபாய் ஏற 12 ஆண்டுகள் ஆனதை நினைத்துப் பார்த்தால் சட்டத்தின் பலம் புரியும். 72 ரூபாய் குறைகிறது என்று இன்று ஒருவர் கணக்குப் போட்டுக் கேட்க முடிகிறதே, அதற்கும் சட்டம்தான் காரணம்.

பணமும் உரிமையும் ஒரே சட்டத்தில்

'சட்டம் போட்டா பணத்துக்கு எங்க போறது?' என்பது அடுத்த கேள்வி. இதற்கான பதில் நம் ஊர்க் கட்டுமானத் தொழிலாளர்களிடம் இருக்கிறது.

தமிழ்நாடு 1982-ல் உடல் உழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டத்தை இயற்றியது. அதன் அடிப்படையில்தான் பிறகு நல வாரியங்கள் வந்தன. 1980-களில் கட்டுமானத் தொழிலாளர் சங்கங்கள் நாடு தழுவிய சட்டம் கேட்டு இயக்கம் நடத்தின. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த இயக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். தமிழ்நாட்டுச் சங்கங்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1996-ல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று தொழிலாளரின் உரிமைக்கு. இன்னொன்று, கட்டுமானச் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரை செஸ் வசூலிக்க.

உரிமையைக் கொடுக்கும் சட்டமும் அதற்கான பணத்தைத் திரட்டும் சட்டமும் ஒன்றாகவே பிறந்தன. அதனால்தான் கட்டட வேலை பார்க்கும் ஒருவரின் மகளுக்கு வரும் கல்வி உதவித்தொகை ஆண்டுதோறும் நிதியமைச்சரின் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. வாரியத்துக்கென்று தனி நிதி வந்துகொண்டே இருக்கிறது. அந்த நிதி முழுசாகச் செலவாகிறதா, பதிவு செய்யாத தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விகள் இருந்தாலும், அமைப்பு சரியானது.

இதே வழியில்தான் கர்நாடகா 2025-ல் கிக் தொழிலாளர்களுக்கான சட்டம் கொண்டுவந்தது. தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை அந்த ஆப் நிறுவனம் நல நிதிக்குச் செலுத்த வேண்டும்.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

"தமிழ்நாட்டுல வறுமை 2.2 சதவீதம்தானே?" நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு அப்படித்தான் சொல்கிறது. பெருமைப்பட வேண்டிய எண் இது. ஆனால் 2011 மக்கள்தொகையான 7.21 கோடியை வைத்தே கணக்குப் போட்டாலும் 2.2 சதவீதம் என்பது சுமார் 16 லட்சம் பேர். தவிர, வறுமைக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் குடும்பம் ஒரு ஆஸ்பத்திரிச் செலவில், ஒரு விபத்தில் மறுபடி கீழே விழுந்துவிடும்.

"ஏற்கெனவே கடன் தலைக்கு மேல இருக்கே?" 2026 மார்ச் இறுதியில் மாநிலத்தின் நிலுவைக் கடன் 9.29 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என 2025-26 பட்ஜெட் மதிப்பிட்டது. இது லேசாக ஒதுக்கிவிடும் விஷயம் இல்லை. வட்டியும் அசலும் கட்டப் போகும் பணத்தை யாரிடம் வாங்குவது என்பதுதான் இங்கே கேள்வி. வரி அமைப்பு இப்படியே இருந்தால் அந்தக் கடனையும் சோப்பு வாங்குபவரும் டாஸ்மாக் போகிறவரும்தான் அடைக்க வேண்டியிருக்கும்.

"பணக்காரங்க மேல வரி போட்டா வேற மாநிலத்துக்குப் போயிடுவாங்க." தொழிற்சாலைக்கு இது பொருந்தலாம். ஆனால் போயஸ் கார்டனில் இருக்கும் நிலத்தைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குப் போக முடியாது. நிலம், கட்டடம் மீதான வரியைப் பொருளாதார அறிஞர்கள் பலர் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"தொழில் வரி விலக்கு கொடுத்தா உள்ளாட்சிக்கு நஷ்டம்." உண்மை. தெருவிளக்கு, குப்பை அள்ளுதல் எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. அதனால் விலக்கு வரம்பை உயர்த்தும்போது இழப்பை மாநில அரசு ஈடுகட்ட வேண்டும். உச்சவரம்பை உயர்த்தும்படி நாடாளுமன்றத்தையும் வலியுறுத்த வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் பாதிக் கிணறுதான்.

இப்போது ஏன் இது அவசரம்?

2025 டிசம்பரில் 100 நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 'விபி ஜி ராம் ஜி' சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வேலை நாட்கள் 125 ஆகக் கூடுகின்றன. ஆனால் செலவில் 40 சதவீதத்தைத் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் ஏற்க வேண்டும். பழைய சட்டத்தில் கூலி முழுவதையும் மத்திய அரசே கொடுத்தது. இனி மாநிலத்திடம் பணம் இருந்தால்தான் கிராமத்தில் வேலை இருக்கும். அந்தப் பணம் எந்த வரியிலிருந்து வரப்போகிறது என்பது கிராமத்துப் பெண்களின் கூலியோடு நேரடியாகத் தொடர்புள்ள கேள்வியாகிவிட்டது.

யாரிடம், எப்படிக் கேட்பது?

பட்ஜெட் நாளில் டிவி பார்த்துக் கோபப்படுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. சாதாரண மக்களுக்கும் சங்கங்களுக்கும் வழிகள் இருக்கின்றன.

- கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. உதவித்தொகை விடுபட்டவர்கள் பட்டியலைத் தீர்மானமாகவே பதிவு செய்யலாம். நகரங்களில் பகுதி சபை, வார்டு குழு இருக்கின்றன.
- மாமன்றம்: தொழில் வரி, சொத்து வரி மாற்றங்கள் மாமன்றத் தீர்மானமாகத்தான் வர வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலர் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினாரா என்று கேட்கலாம்.
- சட்டமன்ற மனுக்கள் குழு: பொதுப் பிரச்சினை குறித்து மனு கொடுக்க சட்டமன்றத்திலேயே ஒரு குழு இருக்கிறது.
- மானியக் கோரிக்கை: பட்ஜெட்டுக்குப் பிறகு துறைவாரியாக விவாதம் நடக்கும். அப்போது வெளியாகும் கொள்கை விளக்கக் குறிப்பில் எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு என்ற விவரம் இருக்கும். டாஸ்மாக் வருவாய் உட்பட பல எண்கள் அதில்தான் வெளிவருகின்றன.
- தகவல் உரிமைச் சட்டம்: நல வாரியத்தில் எவ்வளவு செஸ் வசூலானது, எவ்வளவு செலவானது என்று 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்.

எதைக் கேட்பது என்பதில்தான் தெளிவு வேண்டும். இப்போது முன்வைக்கக்கூடிய கோரிக்கைகள் நான்கு. தொழில் வரி விலக்கை மாதம் 25,000 ரூபாய் சம்பளம் வரை உயர்த்துவது. பிரிவு 276-ன் உச்சவரம்பை உயர்த்தக் கோரிச் சட்டமன்றத்தில் தீர்மானம் போடுவது. முதியோர் உதவித்தொகையையும் மகளிர் உரிமைத்தொகையையும் சட்டமாக்கி, ஆண்டுதோறும் எவ்வளவு உயர வேண்டும் என்பதை அதிலேயே எழுதுவது. அந்தச் சட்டத்திலேயே, பெரிய சொத்துகள் மீதான வரியில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்குவது.

இதில் முதல் கோரிக்கைக்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. புதிய ஆணையமும் ஆய்வும் தேவையில்லை. கோட்டையில் ஒரு திருத்த மசோதா போதும். அது நடந்தால் அந்தத் துணிக்கடைப் பெண்ணுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் மிச்சம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அவர் வீட்டு முதியவருக்கு இரண்டு மாதம் கிடைக்கும் உதவித்தொகையைவிட அது அதிகம்.